கொல்லை என்ற சொல்

ஞாயிறு, ஆவணி 15

எங்கள் வகையறாவின் பழைய வீட்டையும் நிலத்தையும் விற்காமல் காப்பது பற்றி இன்று கீழ்பென்னாத்தூரில் கூட்டம். மூன்று வருடமாக அலைந்து பத்திரங்களைச் சேர்த்தவள் நான். வரைபடம் போட்டவள் தம்பி மனைவி கயல், தஞ்சாவூர்க்காரி. திரையில் வண்ண வண்ணமாகக் காட்டினாள்.

"இத்தினி வருஷம் காயிதத்த பொரட்டிக்கினே இருந்தோம். கயலு ஒரே வாரத்துல முடிச்சிட்டா பாரு!" என்றார் பெரியப்பா. எல்லோரும் கை தட்டினார்கள்.

'வீடும் கொல்லையும் விற்பனைக்கு இல்லை' என்று தீர்மானம். கேட்டவர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி நிலக்கடலை போடும் மேட்டு நிலத்தை நினைத்துத் தலையாட்டினார்கள். அவள் ஊரில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். அதற்குத்தான் பச்சை அடித்திருந்தாள். நிலம் கோட்டுக்கு வெளியே கிடந்தது. கவனித்தது நான் மட்டும்.

வாசலில் என் கையைப் பிடித்தாள். "அண்ணி, நீங்க ஒண்ணுமே சொல்லலையே. ஏதாவது தப்பா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

நாளை பதினொரு மணிக்கு வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் அந்தப் படத்தைக் கொடுக்கிறார்கள். நிலம் படத்தில் இல்லையென்றால் பங்காளிகளில் யார் விற்க நினைத்தாலும் தடுக்க முடியாது. காலையில் போன் செய்து சொல்லத்தான் வேண்டும். உடனே திருத்திவிடுவாள். திருத்தியதற்கும் அவளைத்தான் பாராட்டுவார்கள்.