பச்சை நேரம்

அளவற்ற அருளாளன் பெயரால் தொடங்குகிறேன். என் மகள் ஹிதாயாவுக்கு உம்மா எழுதுவது. உன்மீதும் உன் வயிற்றில் இருப்பவர்மீதும் உன் வீட்டுக்காரர்மீதும் சலாம் உண்டாகட்டும். நாங்கள் இருவரும் நிற்கிறோம், நடக்கிறோம், நோன்பை முழுசாக முடித்துப் பெருநாள் அன்று வயிறாரச் சாப்பிட்டும் விட்டோம், நீங்களும் பிரான்ஸில் லிமோஜ் ஊரில் அந்தக் குளிருக்குள் நலமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உன் வீட்டுக்காரர் ஒலிபெருக்கியைப் போட்டுவிடுகிறார், போட்டுவிட்டு, "ஆனா மாமி, அறிவியல் என்ன சொல்லுதுன்னா" என்று குறுக்கே வருகிறார். தாளில் குறுக்கே வர நஸூரால் முடியாது. மொய்னேஷாவின் மகன் நாளை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உன் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் வாப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குனிந்து தொழுகிறார், நாற்காலி வேண்டாம் என்கிறார். சீமைப்பலா இந்த முறை கிளை முறிய முறியக் காய்த்திருக்கிறது, பாதியை மக்கிக் குரங்குகள் தின்று தீர்த்துவிட்டன. பெருநாளுக்கு மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் கடைந்தேன், நீ இருந்தால் சட்டியை வழித்திருப்பாய் என்று வாப்பா சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை வைக்கவில்லை. தரை ஆடுவது ஓராண்டு தாண்டியும் நிற்கவில்லை. நோன்பின் நடுவே பெரிய கப்பல் வந்து தேடிப் பார்த்து, நம் மயோட்டுத் தீவுக்குக் கிழக்கே கடலடியில் புதிதாக ஓர் எரிமலை எழும்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு அரசாங்கத்து அலுவலகத்திலிருந்து ஒரு தாள் ஒட்டினார்கள், பயப்பட வேண்டாம், ஆனால் ஆயத்தமாக இருங்கள் என்று. மழை வராது, ஆனால் குடையை விரித்தே வைத்திருங்கள் என்பது போல. இதை எழுத ஒருவர் சம்பளம் வாங்குகிறார்.

அவர்களாவது தெரியாது என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். உன் சாச்சா அத்துமானிக்குத் தெரியாததே கிடையாது. முப்பது வருஷம் நம் சின்னத் தீவுக்கும் பெரிய தீவுக்கும் இடையே ஓடும் படகில் டிக்கெட் கிழித்த மனுஷன், ஓய்வு பெற்றபின் கிழிக்க ஒன்றும் இல்லாமல் பேஸ்புக்கில் நடுக்கத்தைக் கணக்கெடுக்க உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக்கு அவர் வைத்த பெயர் பூமியின் காவலர்கள். பூமி அவரிடம் காவல் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் உணர்ந்தவர்கள் உடனே எழுத வேண்டும், அவர் அதை நேரம் போட்டு வரிசைப்படுத்துவார். யார் எழுதினாலும் சேர்த்துக்கொள்வார். பமன்ஸியில் பெரிய விமானம் இறங்கும்போதெல்லாம் ஓடுதளத்தை ஒட்டிய வீட்டுக்காரர்கள் எழுதுகிறார்கள், அதுவும் நடுக்கம். தகரக் கூரையில் மக்கி குதித்தால் அதுவும் நடுக்கம். நம் தெருக்கோடிக் கடைக்காரன் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்தியதைக்கூட மிதமான அதிர்வு என்று போட்டிருந்தார். நோன்பு தொடங்கியதும் அவர் கண்டுபிடித்ததுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். ஆட்டமெல்லாம் இரவுத் தொழுகை நேரத்திலும் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்திலும்தான் வருகிறதாம், பகலில் வருவதே இல்லையாம். உடனே ஒரு படம் போட்டார், இரவு முழுக்கச் சிவப்பு, காலையிலிருந்து பின்னேரத்து அஸர் தொழுகை வரை பச்சை. "பகல்ல பூமி தூங்குது ஜனங்களே, பச்சை நேரத்துல தைரியமா வீட்டுக்குள்ள இருங்க" என்று கீழே எழுதியிருந்தார். இரண்டு தீவிலும் அதை ஒருவருக்கொருவர் அனுப்பாத போன் இல்லை. பெண்கள் பச்சை நேரத்தில் சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பச்சை நேரத்தில் வீட்டுக்குள் தூங்கவைக்கிறார்கள், விரிசல் விட்ட வீட்டில்கூட.

உன் வீட்டுக்காரருக்கும் அந்தப் படம் வந்துசேர்ந்தது. அதுவரை பிரசவத்துக்கு உன்னை இங்கே அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர், வண்ணக் கட்டங்களைக் கண்டதும் இறங்கிவந்தார். பகலில் நீ வீட்டுக்குள், இரவில் முற்றத்தில் கூடாரத்துக்குள், இந்த நிபந்தனையோடு சரி என்றார். பெரிய படிப்பு படித்தவர், டிக்கெட் கிழித்தவர் போட்ட படத்தை நம்பி மனைவியை அனுப்புகிறார். நான் அந்தப் படத்தை ஒரு நொடியும் நம்பவில்லை ஹிதாயா. ஆனாலும் அது உன்னை அழைத்துக்கொண்டு வருமென்றால் வரட்டும் என்று இருந்துவிட்டேன். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும், உனக்கென்று நான் எழுப்பிய வீட்டில், நான் குளிப்பாட்ட, நான் சந்தனம் பூச, அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. உன் அறைக்குத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டேன்.

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் பள்ளிவாசல் வாசலில் அத்துமானி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு புது விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். தொழுகை நேரம் பார்த்து ஆடுகிறதென்றால் அதில் ஒரு சேதி இருக்கிறது, பெண்கள் இரவில் கூடிக் கைதட்டி தெபா பாடுவதை நிறுத்தினால் ஆட்டமும் நிற்கலாம் என்று. நபியின் புகழைப் பாடுகிற பாட்டு! அதைக் கேட்டு அல்லாஹ் கோபித்துக்கொண்டு, அதுவும் அடியார்கள் நெற்றியைத் தரையில் வைத்திருக்கும் நேரம் பார்த்து, பூமியை உலுக்குகிறானாம். மொய்னேஷா என்னிடம் வந்து, "ஏ எஷாத்தி, நம்ம பாட்டுக்கு அவ்வளவு சக்தி இருந்தா என் புருஷன் எப்பவோ திருந்தியிருப்பானே" என்றாள். சிரித்தேன், ஆனால் எனக்கு உள்ளே எரிந்தது. பாயை விரித்து உட்கார்ந்து யோசித்ததும் விஷயம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. இரவுத் தொழுகையில் ஊரே தரையில் அசையாமல் கிடக்கிறது, ஓர் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும். சஹர் நேரத்தில் ஊரே விழித்திருக்கிறது. பகலில் பாதிப்பேர் நோன்பு அசதியில் தூக்கம், மீதிப்பேர் படகிலும் சந்தையிலும் மோட்டார் சைக்கிளிலும். பெரிதாக உலுக்கினால் ஒழிய யாருக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை மட்டும் கடையைத் திறந்துவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும்தான் வியாபாரம் நடக்கிறது என்று கணக்கு எழுதுவது போல. பெண்களின் சீட்டுக் கணக்கை இத்தனை வருஷம் பார்க்கிறேன், இப்படி ஒருத்தி கணக்கு காட்டினால் அடுத்த மாதம் அவளைச் சேர்க்க மாட்டேன்.

ஆகவே நாங்கள் பகலிலும் கடையைத் திறந்தோம். நான் இங்கே, மொய்னேஷா பமன்ஸியில், இன்னும் இரண்டு பேர் பெரிய தீவில், நாலு பேருமே தெபா பாடுகிறவர்கள். நடுப்பகல் லுஹர் தொழுதபின் அஸர் வரை பாயைவிட்டு எழுவதில்லை, தூங்குவதில்லை, பேசுவதில்லை, தஸ்பீஹ் மணி உருட்டுவது மட்டும். ஆட்டம் தெரிந்தால் மற்றவர்களுக்கு ஒரு மிஸ்டு கால். காசும் செலவில்லை, நோன்பும் கெடவில்லை. மூன்று பேருக்காவது ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் நான் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போடுவேன். மொய்னேஷா வீட்டுக் கூரையில் மக்கி குதித்தால் பெரிய தீவுக்காரிக்குத் தெரியப்போவதில்லையே. முதல் நாளே மொய்னேஷா மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே பேசி, "மக்கிதான்டி, சேத்துக்காத, ஆனா அந்தச் சனியன் என் மாம்பழத்தையும் எடுத்துட்டுப் போயிடுச்சு" என்றாள். இரவுத் தொழுகையில் தெரிவதற்குத் தனியாக இன்னொரு கிண்ணம் வைத்தேன். நோன்பின் இருபத்தேழாம் இரவுக்குள் இரண்டு கிண்ணமும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. பெருநாளுக்கு முந்தைய நாள் பார்த்தால் பகல் கிண்ணம்தான் ஒரு விரல் கூடுதல்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு பெருநாள் அன்று சாயங்காலம் நேராக அத்துமானி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பூமியின் காவலர்கள் எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். உன் சாச்சா கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மதினி, நோன்பு வச்ச வயிறு, கிறுகிறுன்னு வரும். நீங்க ஆடினதுக்கு பூமி என்ன பண்ணும்?" என்றார். காவலர்கள் கேக்கோடு சிரித்தார்கள். "கிறுகிறுப்பு நாலு வீட்டுலயும் ஒரே நிமிஷத்துலயா வரும் அத்துமானி? நாங்க நாலு பேரும் ஒரே தலையவா வச்சிருக்கோம்?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது, ஆனால் அவர் வாய் நிற்கவில்லை. "நான் ஜனங்களுக்கு ஒரு நாளைக்குப் பாதி நேரம் நிம்மதி குடுத்திருக்கேன். நீங்க கிண்ணத்துல என்ன கொண்டு வந்திருக்கீங்க?" என்றார். அவர் மகள் வைத்த தேநீரைக்கூடத் தொடாமல் வந்துவிட்டேன். பொய்யான நிம்மதியைப் பங்குவைத்துப் பெரிய மனுஷராகத் திரிகிற ஆளிடம் எனக்கு என்ன பேச்சு. அன்றிரவே மொய்னேஷாவின் மகன் எங்கள் கணக்கை அந்தப் பக்கத்தில் போட்டான். வந்த வசவு உனக்குச் சொல்லத் தகாது. பொறாமை பிடித்த கிழவிகள் என்பது அதிலேயே மரியாதையானது. சிவப்பே பார்க்காமல் பச்சை மட்டும் பார்க்க விரும்பும் கூட்டம், அதற்கு ஏற்ற காவலர்.

நான் அத்துமானி வீட்டிலிருந்து திரும்பியபோது உன் வாப்பா உன் அறையில்தான் உட்கார்ந்திருந்தார். "ஜெயிச்சிட்டியா?" என்றார். "ஜெயிச்சுட்டேன், மூஞ்சி செத்துப்போச்சு உங்க தம்பிக்கு" என்றேன். அவர் நான் தைத்த திரைச்சீலையின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு, "அப்ப நம்ம புள்ள எந்த நேரத்துல இந்த அறைக்குள்ள இருக்கும், எஷாத்தி?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது மகளே. பகலில் ஆடவில்லை என்பது பொய் என்று நான் நிரூபித்ததற்கு அர்த்தம், பகலிலும் ஆடுகிறது என்பதுதானே. ஆடாத நேரமே இல்லை. அந்த முட்டாள் படம் ஒன்றுதான் நீ வருவதற்கு வழியாக இருந்தது, அதை நானே என் கையால் கிழித்துவிட்டு வந்து நிற்கிறேன். உன் அறைக் கதவின் மூலையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல் போகிறது. உனக்கு இதுவரை சொல்லவில்லை. நோன்புக்கு முன் நகம் நுழையாது, இப்போது விரல் நுழைகிறது. வாப்பா அதன்மேல் சுண்ணாம்பு பூசினார், ஒரே வாரத்தில் சுண்ணாம்பும் வாய் பிளந்துகொண்டது. விரிசல் சரியாகக் கட்டிலுக்கு மேலே முடிகிறது. கட்டிலை நகர்த்திப் பார்த்தோம். நகர்த்தினால் ஜன்னலுக்குக் கீழே போகிறது, அது அதைவிட மோசம். உன் வாப்பா, "சொல்லாத எஷாத்தி, புள்ள வந்துடட்டும், வந்தப்புறம் முற்றத்துலயே வச்சுக்கலாம்" என்று கெஞ்சினார். பிறந்த பிள்ளையை நாற்பது நாள் மழைக்கும் கொசுவுக்கும் நடுவே முற்றத்திலா வைப்பது? நான் மாட்டேன் என்றதும் கிழவர் அழுதார். அழட்டும். அத்துமானி ஊருக்குச் சொன்னதையே நானும் உனக்குச் சொன்னால், அந்த ஆளை நான் இகழ்ந்ததற்கு என்ன பொருள்?

ஆகையால் நீ வராதே. இது கோபத்தில் எழுதியது அல்ல, இரண்டு நாள் தொழுது கேட்டபிறகு எழுதுகிறேன். எட்டாம் மாதம் வந்துவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றாய், ஆகவே இப்போதே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இந்த வீட்டுக்கு நீ வர முடியாது, அதனால் வீட்டுக்காரி உன்னிடம் வருகிறாள். சீட்டு இந்த முறை எனக்கு விழுகிறது, உன் அறைத் தரைக்கு ஓடு பதிக்க வைத்திருந்தேன், அது இனி டிக்கெட்டுக்கு. சென்ற ஆண்டு முதல் ஆட்டத்துக்கே பெட்டி கட்டிக்கொண்டு பிரான்ஸுக்கு ஓடியவர்களை நான் பேசாத பேச்சா, இப்போது அதே வரிசையில் நானும் பெட்டியோடு நிற்கப்போகிறேன். உன் சாச்சா அதைப் படம் பிடித்துப் போடுவார், மதினிக்கும் பயம் வந்துவிட்டது பாருங்கள் என்று எழுதுவார். எழுதட்டும். பிள்ளை பிறந்தபின் முகத்தைப் படம் எடுத்து அவருக்கு மட்டும் அனுப்பாதே. வாப்பா வரமாட்டார், ஆட்டைப் பார்க்க ஆள் வேண்டுமாம், ஆடு ஒரு சாக்கு. இரவில் முற்றத்தில் படுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், அதை மொய்னேஷா தினமும் வந்து பார்த்துக்கொள்வாள்.

இந்தக் கடிதத்தை நஸூருக்கும் படித்துக் காட்டு. அனுப்ப மாட்டேன் என்று அவர் முதலில் சொன்னதுதான் சரி, சம்மதித்ததுதான் தவறு என்று மாமி சொன்னதாகச் சொல். இதற்கு அவர் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டியதில்லை. நீ கனமான எதையும் தூக்காதே, வெறுந்தரையில் காலை வைக்காதே, அங்குள்ள மருத்துவச்சி சோறு குறை என்றால் தலையை ஆட்டிவிட்டு வந்து சாப்பிடு. மர்யம் சூராவை விடாமல் ஓது, நான் வந்ததும் வயிற்றில் கைவைத்து ஓதுவேன். சந்தனக்கட்டையும் அரைக்கும் கல்லும் நான் கொண்டுவருகிறேன், விமான நிலையத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்ல நஸூர் வந்து நிற்கட்டும், அறிவியலை அங்கே பேசட்டும். அல்லாஹ் உன்னையும் உன் பாரத்தையும் லேசாக்குவானாக, உன் பிள்ளையின் கால் உறுதியான மண்ணில் ஊன்றுவதாக. லிமோஜில் தரை ஆடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் வந்து பாயை விரித்து, லுஹர் முதல் அஸர் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

துஆவோடு,
உன் உம்மா,
எஷாத்தி ஸாயிந்து
லபத்துவார், சின்னத் தீவு