நீங்கள் தட்டிப் பார்த்த தரை

அண்ணை,

பனி உருகி எங்கள் லவால் வீட்டுப் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் கசிந்திருக்கிறது. இன்று காலை கதவைத் திறந்ததும் ஈரமண் வாசனை எழுந்தது. உங்கள் முகம் நினைவுக்கு வருமுன்னமே என் சிரிப்புச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

அங்கே எத்தனை பிறந்தநாள் விழாக்கள் வைத்தோம். நீங்கள் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பீர்கள். கேட்டால், "முழங்கால் நோகுது தம்பி" என்பீர்கள். அதே முழங்காலோடு, நாங்கள் அறிமுகமான சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் நாள் முழுக்க என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் நீங்கள். எனக்கு அது உறைக்கவேயில்லை.

உங்களையும் அக்காவையும் சோடியாக வற்புறுத்தி இத்தாலிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். மத்தேராவில் மலையைக் குடைந்து வீடுகள். பெற்றோர், பிள்ளைகள், கழுதை எல்லாம் ஒரே குகைக்குள் வாழ்ந்ததாக வழிகாட்டிப் பெண் சொன்னாள். முன்பு இந்த ஊரை நாட்டுக்கே வெட்கம் என்று பேசினார்களாம். எல்லோரும் ஒரு குகைவீட்டுக்குள் நுழைந்தோம். நீங்கள் மட்டும் வாசலில் நின்று குடையை மடக்கித் தரையைத் தட்டினீர்கள். பிறகு மூலைகளை, கட்டிலின் கீழே.

"அண்ணை இன்னும் சண்டைக்காலத்துப் பங்கருக்குள்ளதான் நிக்கிறார். பாம்பு தேடுறார்," என்றேன். கூட வந்த நான்கு குடும்பங்களும் சிரித்தன. அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

நீங்களும் சிரித்தீர்கள். "பழக்கம் விடுகுதில்லை தம்பி."

உங்கள் செத்தவீடு முடிந்த மறுகிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். உங்கள் குடையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "ஷெல் விழேக்கை பிள்ளையைத் தூக்கி முதல்ல பங்கருக்குள்ள இறக்கினது அவர்தான். உள்ள பாம்பு கிடந்தது தெரியேல்லை. அதுக்குப் பிறகு தட்டாமல் எங்கையும் இறங்கமாட்டார்."

உங்கள் இருவருக்கும் ஒரு மகள் இருந்தாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். எத்தனை வருடம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம், அண்ணை. வெட்கத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் கைபேசியில் வீடியோவை அழித்துவிட்டேன். மற்றவர்களிடம் இருக்கிறது. அழிக்கச் சொன்னால் காரணம் கேட்பார்கள். நீங்கள் சொல்லாமல் வைத்திருந்ததை நான் எப்படிச் சொல்வது?

இன்று உங்கள் குடையால் பேஸ்மென்டுப் படியைத் தட்டினேன். பின்னால் வந்த என் மகள், "பெரியப்பா மாதிரிப் பாம்பு தேடுறீங்களோ?" என்று சிரித்தாள். என்னிடமிருந்து பழகிய சிரிப்பு.

அவளைப் படியில் இருத்தி உங்கள் மகளைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.