எட்டுக்கு இரண்டு

6 ஜனவரி 2025, திங்கள்
ஷம்சியா அக்கா மாத முடிவோடு ஒரேயடியாக ஊருக்குப் போகிறாராம். மேல்மாடியில் அவர் என் மகள் தர்மிகாவைப் பார்த்துக்கொண்டதால்தான் இரண்டு வருடமாக நான் வேலைக்குப் போய் வந்தேன். என் கணவர் சுஜந்தன் சோற்றைப் பிசைந்தபடியே முடிவு சொன்னார்: "அம்மாட்ட அனுப்பிவிடுவம்." யாழ்ப்பாணத்துக்கு! இரண்டரை வயதுப் பிள்ளையை, ஏதோ பார்சல் மாதிரி.

9 ஜனவரி
லண்டனிலிருந்து தங்கச்சி துஷானி ஃபோன் எடுத்தாள். பிள்ளையைப் பார்க்கும் செலவுக்கென்று அங்கே தனிக் கணக்கு இருக்கிறது. அவள் எட்டு பவுண் போட்டால் அரசாங்கம் இரண்டு போடுமாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்லைனில் விவரத்தை உறுதிப்படுத்துவதுதான் பெரிய கரைச்சலாம். கரைச்சல்! அவள் மேல் என்ன பிழை? ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

13 ஜனவரி
இங்கே வளைகுடாவில் எங்களுக்கு எந்த அரசாங்கம் போடப் போகிறது? ஆனால் கம்பனி போடுகிறது. நேர்சரிக் கட்டணத்தில் பாதி. நான்கு வருடமாக வேலை செய்கிறேன், இன்றுதான் தெரியும். எச்.ஆர். பத்மநாபன் என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். "குழந்தை உங்க விசாவுல இல்லையே மேடம்." உண்மைதான், அவள் தகப்பனின் விசாவில் இருக்கிறாள். அவருடைய கம்பனி ஒரு சதமும் தராது. என் விசாவுக்கு மாற்றலாமாம். அதற்கு வேண்டிய அளவுக்கு என் சம்பளம் காணும். தகப்பன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் சரி.

வைக்க மாட்டாராம். "தகப்பன் இருக்கேக்க பிள்ளை தாயின்ர விசாவிலயோ? வேர்ஹவுஸில ஆக்கள் சிரிப்பினம்."

சிரிப்பினமாம். சிரிக்கிற ஆக்கள் வந்து பிள்ளைக்குக் கழுவி விடுவினமோ? முகம் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு அரசாங்கம் எட்டுக்கு இரண்டு போடுகிறது. பெற்ற தகப்பன் ஒரு கையெழுத்து வைக்க மாட்டார்.

17 ஜனவரி
நாலு நாளாக அவரோடு கதைக்கவில்லை.

31 ஜனவரி, வெள்ளி
ஷம்சியா அக்கா போய்விட்டார். சுஜந்தன் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் போக ஏழாம் தேதிக்கு டிக்கட் போட்டிருக்கிறார். என்னைக் கேட்காமல்.

3 பெப்ரவரி, திங்கள்
அவர் டியூட்டிக்குப் போனபின் தர்மிகாவைத் தூக்கிக்கொண்டு அல் கூஸில் அவருடைய வேர்ஹவுஸுக்கு பஸ் ஏறினேன். சூப்பர்வைசர் காதர் மைதீனும் மற்றவர்களும் பார்க்க, பிள்ளையையும் பால்போத்தலையும் சுஜந்தன் கையில் கொடுத்தேன். "தகப்பன் இருக்கேக்க பிள்ளை வேறை எங்க இருக்கிறது? ஆறு மணிக்கு வாறன்."

அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். ஃபோன் பதினொரு தரம் அடித்தது, எடுக்கவில்லை. சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற இடம் — நான் என்ன தாய்? அலுவலகக் கழிப்பறையில் நின்று அழுதேன். திரும்பிப் போய்த் தூக்கி வந்திருக்கலாம். போகவில்லை.

ஆறு மணிக்குப் போனால், சூப்பர்வைசரின் அறையில் அவள் நித்திரை. பக்கத்தில் இவர், சட்டையெல்லாம் பால். வீட்டுக்குப் போக கராமாவில் பஸ்ஸால் இறங்கும்போதுதான் சொன்னார்: "ஒருத்தரும் சிரிக்கேல்லை."

4 பெப்ரவரி
கையெழுத்து வைத்தார். டிக்கட் காசு திரும்பாதாம். போகட்டும்.

24 பெப்ரவரி, திங்கள்
விசா மாறும்வரை ஆளுக்காள் லீவு போட்டுச் சமாளித்தோம். இன்று நேர்சரியில் முதல் நாள். படிவத்தில், பிள்ளைக்கு விசா எடுத்தவர் யார் என்று கேட்கும் ஸ்பான்சர் என்ற இடத்தில் என் பெயரை அவரே எழுதினார். தர்மிகா அழாமல் உள்ளே போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கோபம் போகவில்லை. ஒரு கையெழுத்துக்காக என் பிள்ளையை ஃபோர்க்லிஃப்டுகளுக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தேனே.