மூன்றாம் வகுப்பு முள்கிரீடம்

மார்ச் 2, திங்கள்

எட்டரைக்கே வெயில் ஏறிவிட்டது. வகுப்பில் இரண்டு ஃபேன், ஒன்று சுற்றுவதில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போனதாக ஆபீஸில் சொல்கிறார்கள். யார் வந்தார், எப்போது வந்தார், நான் பார்க்கவில்லை.

முள்கிரீடத்தில் முள் குறைகிற வேகம் சரியில்லை. தவக்காலம் தொடங்கிய அன்று நான் செய்து சுவரில் மாட்டியது. தெர்மாக்கோல் வளையம், சுற்றிலும் நிஜ வேலிகாத்தான் முள். தென்னேரி ஏரிக்கரையில் என் வீட்டுக்காரர் வெட்டிக்கொண்டு வந்தது (முனகிக்கொண்டேதான்). ஏற்பாடு இதுதான்: ஒரு ஒறுத்தல் செய்கிற பிள்ளை ஒரு முள்ளைப் பிடுங்கி சாக்பீஸ் பெட்டியில் போடலாம். ஈஸ்டர் அன்று முள் போன இடத்தில் எல்லாம் பூ. மிட்டாயை விடலாம், டிவியை விடலாம், பிடித்த பென்சிலைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். என்ன செய்தோம் என்று மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த முள் ஆண்டவரைத் திரும்பக் குத்தும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் பாதிகூட இல்லை. ஆனால் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது.

பிடித்தது சரி. இத்தனை ஒறுத்தலா செய்கிறார்கள், இந்த வாலுகள்? கடைசி பெஞ்ச் பையன்கள் சும்மா பிடுங்கிப் போடுகிறார்கள். நாளை முதல் கண் வைக்க வேண்டும்.

தொண்டை கரகரப்பு குறையவில்லை. டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரவில்லை. கழுத்துக் கட்டியைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னது தப்பா என்று அவர் கேட்டார். இந்த வெயிலில் கழுத்தில் ஷால் எதற்கு என்று அவர்களாகத்தான் கேட்டார்கள். சொன்னேன். உங்கள் ஒறுத்தலில் ஒன்றை மிஸ்ஸுக்காகவும் ஒப்புக்கொடுங்கள், பிள்ளைகள் கேட்டால் கடவுள் மறுக்க மாட்டார் என்றேன். இதில் என்ன தப்பு.

வாங்க: சார்ட் பேப்பர், ஃபெவிகால், அவருடைய பி.பி. மாத்திரை.

மார்ச் 3, செவ்வாய்

யாழினி கணக்குப் பாடத்தில் தூங்கினாள். பி.பாளையம் நெசவாளர் தெருப் பெண், போன மாதம்வரை படபடவென்று பேசும். முகம் சின்னதாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைப் பார்த்தேன். காலி.

"இன்டர்வெல்லயே சாப்ட்டுட்டேன் மிஸ்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் ரிஸ்வானா. அவளுக்கு நோன்பு மாதம். இந்த வயதில் முழு நோன்பு வேண்டாம் என்று அவள் அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பினேன். "மத்தியானம் வரைக்கும்தான் மிஸ், அரை நோன்பு" என்று சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். கண்ணால் பார்த்தேன். ஆக, நோன்பு இருக்கிறவள் சாப்பிடுகிறாள், இல்லாதவள் காய்கிறாள்.

யாழினிக்கு அம்மா இல்லை. இரண்டு வருஷம் முன்பு அப்பா தேவராஜ் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். சித்தி பெயர் செல்வி. அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிப்ட். ஆக, டப்பா கட்டுகிற கை யாருடையது என்று யோசிக்க வேண்டியதில்லை.

காலி டப்பாவைக் கொடுத்து அனுப்புகிற பெண்களும் உலகத்தில் உண்டு.

மார்ச் 5, வியாழன்

ரிசல்ட். ஒன்றுமில்லையாம். சாதாரணக் கட்டி, பயப்பட வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர். அவர் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவிட்டார்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு உதைக்கிறது. நான் பாத்ரூம் போன நேரத்தில் டாக்டருடன் தனியாக என்ன பேசினார்? கேட்டால், "பார்க்கிங் எங்கன்னு கேட்டேன், ஜெசி" என்கிறார். சென்னையில் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் நம்புவதாக இல்லை.

எனவே பள்ளியில் ஹெச்.எம். சிஸ்டரிடம் மட்டும் சொன்னேன். வகுப்பில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் வேண்டிக்கொள்ளட்டும். பிள்ளைகள் வேண்டுவதில் என்ன நஷ்டம். ஷாலும் இருக்கட்டும்.

கடைசி பெஞ்ச் பையன்கள் மூவரையும் விசாரித்தாகிவிட்டது. மூவரும் சத்தியம் செய்கிறார்கள். மூவரையும் நம்பவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கோயிலுக்கு சிலுவைப்பாதைக்கு அழைத்துப்போக வரிசை நிறுத்திக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு பி.டி. பீரியட். கிரவுண்டில் சத்தம். யாழினி விழுந்துவிட்டாள்.

குளுக்கோஸ் கொடுத்ததும் கண் திறந்தாள். பிஸ்கட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. "வேணாம் மிஸ்." பசியில் மயங்கி விழுந்த பிள்ளை பிஸ்கட்டை வேண்டாம் என்கிறது. வீட்டில் என்ன மிரட்டல் இருந்தால் இப்படி?

கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியில் புள்ளிப் புள்ளியாகக் குத்திய காயம். ஆறினது, ஆறாதது, புதுசு. என்ன என்றால் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் தறி இருக்கிறது. ஊசி வேலையோ, ஜரிகை வேலையோ, காலையில் எழுப்பி உட்கார வைக்கிறார்கள். தூக்கம், பசி, விரல் காயம். மூன்றும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

சிலுவைப்பாதையில் மனசு நிற்கவில்லை. திங்கள் அன்று செல்வியை வரச் சொல்லியாகிவிட்டது.

மார்ச் 9, திங்கள்

செல்வி தாமதமாக வந்தாள். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்ததால் ஆட்டோ சுற்றிக்கொண்டு வந்ததாம். நல்ல புடவை. தலையில் மல்லி. பிள்ளை காய்கிறது, இவளுக்கு மல்லி.

"நான் டெய்லி போட்டுதான் அனுப்பறேன் மிஸ். எலுமிச்ச சாதம், தயிர் சாதம், நடுவுல முட்டை. டப்பாவ கழுவறதே நான்தான். ஒரு பருக்கை இருக்காது."

பதில் தயாராக இருந்தது. தயாராக இருக்கிற பதிலை நான் நம்புவதில்லை.

"சாயந்திரம் வீட்டுக்கு வந்தா கைல கெடச்சதெல்லாம் துன்னுது. வயித்துல பூச்சியான்னு மாத்திரை கூட குடுத்தேன்."

பட்டினி கிடந்த பிள்ளை வேறு என்ன செய்யும்.

"விரல்ல என்ன காயம்?"

"தெரிலயே மிஸ். நானும் கேட்டேன், சொல்ல மாட்டேங்குது."

"வீட்ல தறி யாரு நெய்யறது?"

"நான்தான். அது கிட்ட வந்தாகூட தள்ளிப் போ கண்ணுன்னுவேன்."

அந்தக் கண்ணு எனக்காகச் சேர்த்தது. போகும்போது வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் பார் என்று கண்ணால் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஹெச்.எம். சிஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். "அவசரப்படாதீங்க ஜெசிந்தா, ரெண்டு நாள் பார்ப்போம்." சிஸ்டருக்கு எல்லோரும் நல்லவர்கள். எலக்ட்ரீஷியன் வந்ததையும் அவர்தான் நம்புகிறார்.

மத்தியானம் நானே தேவராஜுக்கு போன் செய்தேன். டப்பா காலியாக வருகிறது, பிள்ளை மயங்கி விழுந்தது, விரலைப் பாருங்கள் என்றேன். உங்கள் வீட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டேன். பின்னால் மிஷின் சத்தம்.

"நான் பாத்துக்கறேன் மிஸ்."

வைத்துவிட்டார். மனசு கொஞ்சம் லேசானது.

முள் மேலும் குறைந்திருக்கிறது. சாக்பீஸ் பெட்டி நிறைந்து இன்னொரு பெட்டி.

மார்ச் 12, வியாழன்

ரிஸ்வானா சொன்ன செய்தி: "மிஸ், யாழினி சித்தி ஊருக்குப் போயிட்டாங்க. நேத்து அவங்க வீட்ல சண்டை. தெருவே கேட்டுக்கினு இருந்துச்சு."

வாலாஜாபாத்தில் அம்மா வீடாம்.

உள்ளுக்குள் சந்தோஷம்தான். யாரோ ஒருத்தர் கேட்க வேண்டியிருந்தது, நான் கேட்டேன். இனி அப்பா பார்த்துக்கொள்வார், பிள்ளை தேறும். யாழினி இன்று அழுதாள். வீட்டுச் சண்டையைப் பார்த்த பயம். நாலு நாளில் சரியாகும்.

வாங்க: இருமல் மருந்து. சென்னை டாக்டர் நம்பர் கேட்க.

மார்ச் 13, வெள்ளி

எதிலிருந்து எழுதுவது.

காலையில் தேவராஜே பைக்கில் கொண்டுவந்து விட்டார். கண் சிவந்திருந்தது, ஷிப்ட் முடித்து நேராக வந்தவர். "ஓட்டல் இட்லி வாங்கி வெச்சிருக்கேன் மிஸ், பாத்துக்குங்க." டப்பாவை என் கையாலேயே வாங்கினேன். கனம் இருந்தது. சூடு இருந்தது. மூடியைத் திறந்தும் பார்த்தேன், இட்லி, சட்னி எல்லாம்.

இன்டர்வெல்லில் யாழினி டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின்னாலேயே ரிஸ்வானா. நானும் போனேன், தள்ளி.

கைகழுவும் குழாய்க்குப் பின்னால் சின்ன கேட். கம்பிக்கு அந்தப் பக்கம் தெருமாடு ஒன்று தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பழகின மாடு. யாழினி இட்லியை ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டுகிறாள். கடைசியில் மாட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரிஸ்வானா காவல்.

என்னைப் பார்த்ததும் டப்பா கீழே விழுந்தது.

"என்னம்மா இது?"

ரிஸ்வானாதான் பேசினாள்.

"அவ சொல்ல மாட்டா மிஸ். சொன்னா முள்ளு சாமிய திருப்பிக் குத்தும்னு நீங்கதானே சொன்னீங்க."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எழுதுவது பொய். விளங்கியது, நம்பவில்லை. குனிந்து கையைப் பிடித்தேன். விரல் நுனியில் இன்றைய புள்ளி. கிரீடத்து முள்ளின் அளவு.

"ஆண்டவர் சொல்லச் சொல்லிட்டார். சொல்லு. யாருக்காக?"

"உங்க கழுத்துக்கு மிஸ்."

நான் அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மிட்டாய் உட்டேன், கேக்கல. டிவி உட்டேன். நீங்க ஷால் சுத்திக்கினேதான் வர்றீங்க. ரிஸ்வானா சாப்பிடாம இருந்தா அவங்க சாமி நல்லா கேப்பாராம். அதான் நானும். வேஸ்ட் பண்ணக் கூடாதுல்ல, அதான் மாட்டுக்கு." பிறகு, மெதுவாக: "இன்னும் கொஞ்சம் முள்ளுதான் மிஸ் இருக்குது."

ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அன்றே வகுப்பில் சொல்லியிருந்தால் இவள் அன்றே சாப்பிட்டிருப்பாள். வேண்டுவதில் என்ன நஷ்டம் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், மேலே இருக்கிறது.

ஷாலை அங்கேயே அவிழ்த்தேன். என் சாப்பாட்டைக் கொண்டுவந்து இருவர் நடுவிலும் வைத்தேன். ரிஸ்வானா மணி ஆகவில்லை என்று தள்ளி உட்கார்ந்தாள். யாழினி சாப்பிட்டாள். முதல் கவளத்துக்கு முன்பு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

தேவராஜுக்கு போன். எல்லாம் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். தூக்கம் கலைந்த குரல். "சரிங்க மிஸ்." வைத்துவிட்டார்.

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும்.

மார்ச் 14, சனி

வாலாஜாபாத். அவர் துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். விலாசம் யாழினி சொன்னது: ரைஸ் மில்லுக்குப் பின்னாடி, நீலக் கதவு.

செல்வி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஈரத் துணியைப் பிடித்தபடியே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"அது சாப்ட்டுச்சா?"

முதல் பேச்சு அதுதான். இதில் நடிப்பு ஏதும் உண்டா என்று என் கண் தானாக அவள் முகத்தைத் தேடியது. என் புத்தியை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சொன்னேன். மாடு, முள், என் கழுத்து, எல்லாம். மன்னித்துவிடும்மா என்றேன். கேட்டுக்கொண்டே துணியை உதறிப் போட்டாள்.

"அன்னிக்கு ஜன்னல்ல நின்னு பாத்தேன் மிஸ். எலும்பா இருக்குதேன்னு. எங்கிட்ட ஏன் சொல்ல மாட்டேங்குது, நான் பெத்தவ இல்லைன்னுதானேன்னு அழுதுக்கினே வீட்டுக்குப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு அவரு வந்து, நீ பிள்ளைய பட்டினி போட்டியான்னு கேட்டாரு. தெருவே நின்னுக்கினு பாக்குது."

"நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்மா. வந்துடு."

"நீங்க சொன்னீங்க. கேட்டது அவரு. அவரு வந்து கூப்டணும்."

அத்துடன் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஃபேன் ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் வந்தது உண்மைதானாம், பார்ட்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார்.

வகுப்பில் சொன்னேன்: மிஸ்ஸுக்குச் சரியாகிவிட்டது, கட்டி ஒன்றும் செய்யாது. கைதட்டினார்கள். இனி சாப்பாட்டை யாரும் விடக் கூடாது, விட்டால் ஆண்டவருக்குப் பிடிக்காது என்றேன். ஒறுத்தல் முடிந்தது, இனி பூ மட்டும்தான் என்று கிரீடத்தைக் கழற்றி அலமாரி மேல் வைத்தேன். கடைசி பெஞ்ச் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்பு கேட்டேன். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை.

தேவராஜ் காலையில் வந்தார். வாலாஜாபாத் போனீர்களா என்று கேட்டேன். "அவளா கோச்சிக்கினு போனா, அவளா வரட்டும் மிஸ்." பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாட்டு மணி. யாழினி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். காலி.

ஒரு கை மூடியிருந்தது. திறக்கச் சொன்னேன். ஒரு முள். அலமாரி மேல் எப்படி ஏறினாளோ.

"இது யாருக்கு?"

"சொல்லக் கூடாது மிஸ்." கண் மட்டும் அன்று சித்தி நின்ற ஜன்னல் பக்கம் போனது.

தேவராஜுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி