என் கல்லீரலும் உன் கோபமும்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது.

நீ அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்றுதான் முதலில் எழுதினேன், உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "முதல் வரியிலேயே பொய்யா" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்திருக்கிறேன். முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். பதறாதே, படுக்கையில் விழவில்லை, காலையில் பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் "அப்பா, சிக்னல் சரியில்லை, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய், அந்த அப்புறம் வருவதற்கு மாதம் ஆகும். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கோபத்தில் கசக்கினாலும் பிரித்துப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் இந்த முறை ரத்தத்தில் கல்லீரல் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று கொஞ்சம் கூடியிருந்தது. அந்தப் பரிசோதனை மருத்துவர் சின்ன வயசுக்காரர், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஐயா, வாரத்துல எத்தனை தடவை குடிப்பீங்க" என்று கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் நினைத்துப் பார். காய்ச்சல் மருந்தில் சாராய வாடை அடித்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறவன் நான். இல்லை என்றேன், அவர் நம்பின மாதிரி தலையாட்டினார், நம்பவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் மாமா என்னைத் தனியாக ஓரம் கட்டி, "மச்சான், எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க, அக்காகிட்ட மூச்சு விடமாட்டேன்" என்றான். அவனையாவது விடு, மறுநாள் உன் அம்மா நான் வண்டியில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்ப்பதை என் கண்ணால் பார்த்தேன். கேட்டால், பாசி வாடை வருதான்னு பார்த்தேன் என்கிறாள்.

அப்புறம்தான் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கண்டிப்பான அம்மாள், ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும், உடம்பு பெருத்தவர்களுக்கு அது சர்வசாதாரணம், அதிலும் வயிற்றைச் சுற்றிச் சதை போட்டவர்களுக்கு என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. டாக்டர், நான் அப்படியெல்லாம் ஏறலை, உங்க வயசுல பொண்ணு இருக்கு, இன்னும் கல்யாணமான புதுசுல தைச்ச அதே பேன்ட்டைத்தான் போடுறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் உன் அம்மா நெளிந்தாள், பிறகு பொறுக்க முடியாமல், "டாக்டர், அதை நான் பிரிச்சுப் பிரிச்சு விட்டிருக்கேன்" என்று போட்டு உடைத்துவிட்டாள். தைக்கும்போதே பின்பக்கத்தில் தாராளமாகத் துணி விட்டுத் தைப்பாளாம், இறுக்குகிற மாதிரி தெரிந்தால் துவைக்க எடுத்துப்போகும் சாக்கில் பிரித்து விட்டுத் தைத்து, இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்துவிடுவாளாம். "இறுக்கிப் பிடிச்சா பாவம், மனசு கஷ்டப்படுவார்னு" என்றாள். தையல்காரியைக் கட்டிக்கொண்டவனுக்குத் தன் இடுப்பே தெரியாமல் போய்விட்டது பார். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து நாடாவால் என் இடுப்பை அளந்தார். அந்த அளவை உனக்கு எழுதப் போவதில்லை.

அதன்பிறகு ஸ்கேன். வெறும் வயிற்றோடு ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள், குளிர் வேறு, பசி வேறு, எதிரே ஒரு ஆள் விடாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே போனதும் வயிற்றில் எதையோ சில்லென்று தடவி, ஸ்கேன் எடுக்கிற பெண் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள், மறுபடி பிடிக்கச் சொன்னாள். திரையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்லீரல் சிறுநீரகத்தைவிட வெளுத்துத் தெரிந்ததாம், கொழுப்பு இருந்தால் அப்படித்தான் தெரியுமாம். அது போதாதென்று இன்னொரு பரிசோதனை, வலது பக்க விலா இடுக்கில் ஒரு கருவியை வைத்துச் சின்னதாகத் தட்டுகிறார்கள், விரலால் சுண்டுகிற மாதிரிதான் இருக்கிறது. கல்லீரல் மெத்தென்று இருக்கிறதா, விறைக்க ஆரம்பித்துவிட்டதா என்று அதில் தெரியுமாம். எனக்குக் கொழுப்பு நிறைய, விறைப்பு இப்போதுதான் தலைகாட்டுகிறது. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டதால் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் தேறிவிடலாம், இதையே இன்னும் சில வருஷம் கவனிக்காமல் விட்டிருந்தால் கதை வேறு என்றார் மருத்துவர்.

கிளம்பும் நேரத்தில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பிள்ளைங்க யாருக்காவது உங்க உடல்வாகு உண்டா?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, இல்லை டாக்டர், எங்க பொண்ணு நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, பழக்கம். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் அத்தை எல்லோர் முன்னாலும் உன் உடம்பைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்து, நீ அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாயே, அன்றைக்குக் கூடப்பிறந்தவளை வாசல்வரை விரட்டிவிட்டு, இந்த வீட்டில் இனிமேல் யாரும் என் பெண்ணின் எடையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். அந்தச் சட்டம் சரி, இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் மருத்துவர் கேட்கும்போதும் அதுவே முந்திக்கொண்டு வருகிறது பார். நான் எழுந்து நின்று, இருக்கா டாக்டர், ஒரே பொண்ணு, என்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா என்று சொன்னேன். உன் அம்மா பேருந்து நிறுத்தம்வரை என்னை விட்டுவிட்டு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், உனக்கு அனுப்பும் உடைகளையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகத்தான் வெட்டுகிறேன் என்று சொல்லி அழுதாள். நான் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன், எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வண்டி ஓட்டும்போது சிக்னலில் நின்றால் உன் நினைப்பு, பின்னால் ஹாரன் அடித்தால்தான் பச்சை விழுந்தது தெரிகிறது. நடக்கச் சொன்னார்கள் என்று சாயங்காலம் தெருவில் நடக்கிறேன், முனையிலிருக்கிற மருந்துக்கடைக்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, என்ன தேடுறீங்க என்று கேட்கிறார். நீ போன தடவை பேசும்போது சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று போகிற போக்கில் சொன்னாய், நானும் இனிப்பைக் குறை என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அதையும் அன்றைக்கே மருத்துவரிடம் சொன்னேன். எடையும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் கட்டாயம் கல்லீரலைப் பார்க்க வேண்டும் என்றார். உங்கள் அலுவலகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள் என்பாய். ரத்தத்தில் ஒன்றுமே காட்டாமல் கொழுப்பு சேர்ந்திருப்பவர்கள் ஏராளம் பேராம், அதனால் அந்தக் காகிதத்தை நம்பி உட்காராதே. கொழுப்பு இருக்கிறதா, விறைப்பு இருக்கிறதா, இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேள். உனக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் செல்லம், அப்படி இருந்துவிட்டால் அப்பா வீணாகப் பதறினான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரி.

எனக்கு வலியே இல்லையே என்று மட்டும் சொல்லாதே. எனக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வண்டி ஓட்டுகிறேன். உள்ளே நடந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

உன் அம்மா பேன்ட்டை இனி பிரித்து விடுவதில்லை என்று சொல்லிவிட்டாள், நானும் சரி என்றிருக்கிறேன். எண்ணெயைக் குறைத்துவிட்டாள், டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டாள், மாமா வந்தால் அவனுக்கும் அதே டீதான், அவன் வருவதும் குறைந்துவிட்டது. நீ வெளியே வாங்கிக் குடிக்கும் அந்தக் குளிர்பானங்களை விட்டுவிடு, கிடைக்கிற நேரத்தில் நட. பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும், காலையில் எழுந்ததும் மறந்துபோய் எதையும் குடித்துவிடாதே.

இதைப் படித்துக் கோபம் வரும், தெரியும். அப்பாவுமா என்று தோன்றும். கோபப்படு, பேசாமல்கூட இரு, நான் தாங்கிக்கொள்வேன் என்று எழுத வந்தேன், தாங்கமாட்டேன், ஆனாலும் இரு. பேசாமல் இருக்கிற அந்த நாட்களிலேயே போய் ஸ்கேனை எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிடு, அவள் எனக்குச் சொல்லிவிடுவாள். நீ என்மேல் இன்னும் அறுபது வருஷம் கோபித்துக்கொண்டிருக்கும் அளவுக்கு நல்ல உடம்போடு இருக்க வேண்டும், அதுதான் அப்பாவின் ஆசி.

இப்படிக்கு,
உன்னைத் தன் அச்சிலேயே பெற்ற
அப்பா