குவாமில் இறங்கியவர்கள்

அன்புள்ள நூயிக்கு,

உன் இருமல் நின்றதா? மருமகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எதுவும் விட்டுப்போகாமலிருக்க முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. என் உடம்பு நன்றாக இருக்கிறது.
2. நம் கென்ஸோ குவாம் தீவில் பத்திரமாக இறங்கிவிட்டான்.
3. நீ அனுப்ப வேண்டியவை.

நேற்று எங்கள் கப்பலின் விமானங்கள் சைப்பான் தீவுப் பக்கம் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கப் போயின. கென்ஸோவும் போனான். பெரும்பாலானவை திரும்பவில்லை. திரும்பாதவர்கள் பக்கத்துத் தீவில் இறங்கியதாகப் பதிவேட்டில் எழுதுவது இங்கே வழக்கம். காற்றை அளப்பவன் நான் என்பதால் தளபதி என்னிடம் கேட்டார்.

"என்ன வாத்தியாரே, இந்தக் காத்துல குவாம் வரைக்கும் போயிருக்க முடியுமா?"

வீசியது எதிர்க்காற்று. பெட்ரோல் போதாமல் போயிருக்கும். காற்றுக் குறிப்பேட்டைப் புரட்டினேன்.

"வாயைத் திறங்க பெரியவரே," என்று சிரித்தார் அருகில் நின்ற அதிகாரி. "உங்க பிள்ளை அங்க இளநீர் குடிச்சிக்கிட்டிருப்பான்."

"முடியும் ஐயா" என்றேன்.

குவாமில் இறங்கிய விமானங்களும் சேர்ந்துகொள்ளும் என்று நம்பி, விலகிப் போகாமல் நாளை மறுபடி தாக்க முடிவெடுத்திருக்கிறார்கள். மிஞ்சிய விமானிப் பையன்கள் தலை சீவிக்கொண்டிருக்கிறார்கள். தளபதியிடம் போய் உண்மையைச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உப்பிட்ட பிளம் கொஞ்சம் அனுப்பு. கென்ஸோவுக்கென்று பின்னிய கம்பளி வயிற்றுப்பட்டையையும் எனக்கே அனுப்பிவிடு. எண்ணெய்க் கப்பல் தபாலோடு கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள்.

சோஹெய்

நூயி, இரண்டாவதாக எழுதியது தவறு. அதை மருமகளுக்குப் படித்துக் காட்டாதே.