செல்விக்குப் போடாத ஊசி

5-2-90 திங்கள்
பனி. பால் வரிசையில் முன்னால் நின்றவள் முகமே தெரியவில்லை. மூன்றாவது ப்ளாக்கில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை. வாசலில் வேப்பிலை. தையல் பிரிவில் இன்றும் ஆள் குறைவு, கழுத்து வலி.

சாயங்காலம் எதிர் க்வார்ட்டர்ஸ் கஸ்தூரி, இடுப்பில் ஆறு மாதப் பையன். மாமியார் மேனாம்பேட்டில் படுத்த படுக்கை. தினம் போய் வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றாள். தயங்கினாள்.

"எங்க பாத்தாலும் அம்மா போட்டுகீதேக்கா. செல்விக்கு ஊசி போட்டாச்சா? இவனுக்கு ஒம்போது மாசம் ஆனாத்தான் போடுவாங்களாம்."

"ரெண்டு வருஷம் முன்னாடியே போட்டாச்சு. அவ அப்பாதான் தூக்கிட்டுப் போனார். பயப்படாம விடு."

விட்டாள்.

8-2 வியாழன்
செல்விக்கு மூக்கொழுகல், கண் சிவப்பு. பனியாக இருக்கும். ஊசிநூல், சீயக்காய், நாளை மண்ணெண்ணெய். கஸ். பையனும் இவளும் ஒரே பாயில். அவன் கையைப் பிடித்துப் பிடித்து முத்தம்.

10-2 சனி
காதுக்குப் பின்னால் சிவப்புத் தடிப்பு. மதியத்துக்குள் முகமெல்லாம். கஸ். வீட்டுக்கு ஓடினேன், பையனை இனிக் கொண்டுவராதே என்று சொல்ல.

வீடு திரும்பி இவரிடம் கேட்டேன்: "ஊசி போட்ட பிள்ளைக்கும் வருமாங்க?"

"சில பேருக்கு வரும்." பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

13-2 செவ்வாய்
லீவு. சுகாதார நர்ஸ் வீடு வீடாக வந்தார். பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் நான் போட்டதும்மா. தட்டம்மைக்கு நேரா இருக்கிறது என் கையெழுத்து இல்லியே. எங்க நோட்டுல இந்தப் பாப்பாவுக்கு அந்த இடம் காலியாக் கீது."

தேதியில் ஒரு ஏழு. நடுவில் கோடு போட்ட ஏழு. இந்த வீட்டில் அப்படி எழுதுகிறவர் ஒருவர்தான்.

இவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அட்டையை நீட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணன் பையனுக்கு ஊசி போட்டப்ப ஜுரத்துல வலிப்பு வந்துச்சே... சென்டர் வாசல் வரைக்கும் போனேன். தோள்ல இருந்து என்னைப் பாத்துச் சிரிச்சா. மனசு வரல, திரும்பிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ தூக்கிட்டுப் போயிருப்பே."

அண்ணன் பையனுக்கு அதன் பிறகு ஒன்றும் இல்லை. நாலாம் வகுப்பு, மரம் ஏறுகிறான். பயந்ததைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கும்தான் பயம். ஆனால் அன்று சென்டரிலிருந்து வந்ததும் "அழுதாளா?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார்.

19-2 திங்கள்
செல்வி எழுந்து உட்கார்ந்தாள். ரசம் சாதம் நாலு வாய். விலா எலும்பை எண்ணலாம். கஸ். பையனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் என்று பால்காரர் சொன்னார். அவள் சொல்லவில்லை.

24-2 சனி
பையனுக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனில்.

இவர், சோற்றைப் பிசைந்துகொண்டே: "அட்டை விஷயம் வெளியில போக வேணாம். க்வார்ட்டர்ஸ் பூரா பேசும்."

என் தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

25-2 ஞாயிறு
தனியாக பஸ் பிடித்துப் போனேன். வார்டு வராந்தாவில் கஸ்தூரி, அதே புடவை, தலை வாரி எத்தனை நாளோ. கண்ணாடி வழியாகப் பையனைப் பார்த்தேன். மூச்சுக்கு மூச்சு நெஞ்சு குழிகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். போடாத ஊசி, அட்டை, நர்ஸ். எனக்கே தெரியாது என்பதையும்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உன் ஊட்டுக்காரரை நான் கேக்கலக்கா. உன்னைத்தான் கேட்டேன்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

3-3 சனி
வெயில் ஏறிவிட்டது. பையன் பிழைத்தான். பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். துண்டுக்குள் முகம் மட்டும், பாதியாக இளைத்து. பையை வாங்கக் கை நீட்டினேன். கஸ்தூரி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். கதவைச் சாத்தினாள், மெதுவாக.

நின்றுகொண்டே இருந்தேன். இவர் பின்னால் வந்து, "விடு. நாளானா அவளும் மன்னிச்சிருவா" என்றார்.

அவளும்?

நான் எப்போது மன்னித்தேன்?